முடிவில்லா ஒன்பதுகள்

0.9 என்று எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் இன்னொரு ஒன்பது: 0.99. இன்னும் ஒன்று: 0.999. இப்படிப் புள்ளிக்குப் பின்னுள்ள எல்லா இடங்களிலும் ஒன்பதே நிறைந்திருக்கிறது, எங்கும் முடியவில்லை என்றால், அந்த எண் 1-ஐவிடச் சிறியதா, 1-ஏதானா?

முதன்முறை கேட்பவர்களில் பெரும்பாலோர் சிறியது என்பார்கள். எவ்வளவு சிறியது என்று திருப்பிக் கேட்டால், மிக மிகக் கொஞ்சம் என்பார்கள். கணக்குப் பழக்கம் இல்லாதவர்கள்தான் இப்படிச் சொல்வார்கள் என்று எண்ண வேண்டாம். டேவிட் டால், ரால்ஃப் ஷ்வார்ட்ஸன்பெர்கர் என்ற இருவர் 1978-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்க வந்த முதலாண்டு மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடைகளை அதில் ஆராய்ந்திருக்கிறார்கள். பெரும்பான்மையோர் சொன்ன விடை, சிறியது என்பதுதான்.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். 0.999… என்பது 1-க்குச் சமம். ஏறக்குறையச் சமம், நடைமுறைக்குச் சமம் என்றெல்லாம் தளர்த்திச் சொல்ல வேண்டியதே இல்லை. 2/4 என்பதும் 1/2 என்பதும் எப்படி ஒரே எண்ணோ, அப்படி முழுக்கச் சமம். ஆனாலும் இதை ஏற்கத் தயங்குபவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. முடிவில்லாத ஒன்றை எழுதிவிட்டு அதை ஓர் எண் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை என்பதே அவர்களுடைய தயக்கத்தின் அடியில் இருக்கும் கேள்வி. கணிதம் அதற்கு முழுமையான விடை சொல்ல 1872 வரை ஆயிற்று. இரண்டு வரி நிரூபணத்தைக் காட்டி அவர்களை வாயடைக்கச் செய்வது அந்தக் கேள்விக்குச் செய்யும் நியாயம் ஆகாது. நிதானமாகவே போவோம்.

வழக்கமாகக் காட்டப்படும் நிரூபணத்திலிருந்து தொடங்கலாம். 1-ஐ 3-ஆல் வகுத்தால் 0.333… வருகிறது. இரு பக்கத்தையும் மூன்றால் பெருக்கினால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0.999…. ஆகவே இரண்டும் சமம்.

பலர் இதைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். ஆனால் கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். '1/3 என்பது 0.333…-க்குச் சமம் என்று யார் சொன்னது? வகுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு படியிலும் மிச்சம் 1 விழுகிறது. கணக்கு எங்கும் தீரவில்லை. 0.333… என்பதும் 1/3-ஐவிடக் கொஞ்சம் குறைவுதானே?' இந்தக் குறுக்கீடு மிகச் சரியானது. ஒன்பதுகளைச் சந்தேகிக்கும் ஒருவர் மூன்றுகளையும் சந்தேகித்தே ஆக வேண்டும். நாம் மூன்றுகளைச் சந்தேகிக்காததற்குக் காரணம், பள்ளியிலேயே அவை பழகிவிட்டதுதான்.

மூன்றுகள் ஏன் முடிவதில்லை? தசம முறையில் ஒவ்வோர் அலகையும் பத்துப் பத்தாகப் பிரிக்கிறோம். பத்தின் பகாக் காரணிகள் 2-உம் 5-உம் மட்டுமே. ஒரு பின்னத்தைச் சுருக்கி எழுதிய பிறகு அதன் பகுதியில் இவ்விரண்டைத் தவிர வேறு பகாக் காரணி இருந்தால், பத்தால் எத்தனை முறை பிரித்தாலும் கணக்கு நேராகாது. 1/8 முடிகிறது, 0.125. 1/40 முடிகிறது, 0.025. 1/3, 1/7, 1/11 எதுவும் முடிவதில்லை.

நம் முன்னோரின் பின்னக் கணக்கிலும் இதே தடை இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்ற வரிசையில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. 320 என்பது இரண்டை ஆறு முறை பெருக்கி ஐந்தாலும் ஒருமுறை பெருக்கிய எண். மூன்றுக்கு அதில் இடமில்லை. ஒன்றை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 106 முந்திரி போக, ஒரு முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். அந்த முந்திரியையும் 320-ஆகப் பிரித்தால் கிடைப்பது கீழ்முந்திரி. ஆளுக்கு 213 கீழ்முந்திரி சேரும். இப்போது மிச்சம், ஒரு கீழ்முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கிய கணக்கு, 1,02,400 மடங்கு சிறிய அளவில் அப்படியே திரும்ப வந்து நிற்கிறது. இன்னும் 320, மறுபடியும் 320 என்று பிரித்துக்கொண்டே போனாலும் 106, 213, 106, 213 என்றுதான் சுழலும்.

ஆக, முடிவின்மை மூன்றில் ஒன்றின் குணம் இல்லை. அதை எழுத நாம் தேர்ந்தெடுத்த முறையின் குணம். மூன்றின் அடிமானத்தில் எழுதினால் 1/3 என்பது வெறும் 0.1. ஒரே இலக்கத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே அதை மும்மடங்காக்கினால் 1. ஒரு குழப்பமும் இல்லை. ஆனால் அந்த அடிமானத்திலும் வேறொரு முடிவில்லாத் தொடர் வந்து அதே கேள்வியைக் கேட்கும்: 0.222… என்பது 1-ஆ? இரண்டின் அடிமானத்தில் 0.111… கேட்கும். எந்த அடிமானத்துக்குப் போனாலும் அதன் மிகப் பெரிய இலக்கம் இப்படி வரிசைகட்டி நிற்கும். இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க இடமாற்றம் உதவாது.

இன்னொரு பிரபலமான நிரூபணமும் உண்டு. 0.999… என்பதைக் 'க' என்று வைத்துக்கொள்வோம். பத்தால் பெருக்கினால் 9.999…. அதிலிருந்து க-வைக் கழித்தால் புள்ளிக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும்; 9க = 9; க = 1. அழகாக இருக்கிறது. ஆனால் இதே தந்திரத்தைப் புள்ளிக்கு இடப்பக்கம் செய்து பாருங்கள். …999 என்று இடப்பக்கமாக முடிவின்றி நீளும் ஒன்பதுகளைக் 'க' என்போம். பத்தால் பெருக்கினால் …990. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 9 மட்டும் மிஞ்சும்; க − 10க = 9; அதாவது க = −1. முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போகும் ஒன்று, பூஜ்யத்துக்கும் கீழே விழுந்துவிட்டது!

நாம் அன்றாடம் புழங்கும் எண்களில் இது அபத்தம். கர்ட் ஹென்சல் என்ற ஜெர்மானியர் 1897-இல் பகா எண்களை அடிப்படையாக வைத்து வேறு வகையான எண் உலகங்களை அமைத்தார். அங்கே இடப்பக்கம் முடிவின்றி நீளும் எண்களுக்குப் பொருள் உண்டு. ஐந்தின் அடிமானத்தில் …444 என்பது உண்மையிலேயே −1-தான். ஆனால் அது வேறு உலகம். இங்கே கவனிக்க வேண்டியது, இயற்கணித வித்தை 'க என்று ஓர் எண் இருக்கிறது' என்ற நம்பிக்கையோடுதான் தொடங்குகிறது என்பதை. அந்த எண் இருந்தால் அது 1-தான் என்று அது காட்டும். அப்படி ஓர் எண் இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதை நாம்தான் வேறு வழியில் நிலைநாட்ட வேண்டும்.

பெரிய கணித மேதைகளே இந்த இடத்தை எளிதாகக் கடந்து சென்றிருக்கிறார்கள். பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்த ஆய்லர், தையல் தொழில் கற்ற உதவியாளர் ஒருவருக்கு வாயால் சொல்லி எழுதவைத்த இயற்கணித நூல் 1770-இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 9.999… என்பது 10-க்குச் சமம் என்பதை அதில் முடிவில்லாப் பெருக்குத் தொடரைக் கூட்டுவதற்கு ஓர் உதாரணமாகக் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறார். அவருக்கு அது சர்ச்சைக்குரிய விஷயமாகவே படவில்லை.

ஆனால் ஆய்லருக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கேரளத்தில் ஒருவர் இந்த இடத்தில் நின்று நிதானித்திருக்கிறார். திரூருக்கு அருகே வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி. 1444-இல் பிறந்தவர், 'தந்திரசங்கிரகம்' எழுதியவர். தமிழ்நாட்டு வானியலர் சுந்தரராஜர் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதியவரும் இவரே. ஆரியபட்டீயத்துக்கு இவர் எழுதிய விரிவுரையில், வட்டவில்லின் நீளத்தைக் கணிக்கும் முயற்சியில் ஒரு முடிவில்லாத் தொடர் குறுக்கிடுகிறது: நான்கில் ஒன்று, அதில் நான்கில் ஒன்று, அதிலும் நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் எவ்வளவு? விடை மூன்றில் ஒன்று. நீலகண்டர் விடையோடு நிற்கவில்லை. தொகை அந்த அளவைத் தாண்டாது என்பதும், அந்த அளவு வரை வளரவே செய்யும் என்பதும் எப்படித் தெரியும் என்று தாமே கேட்டுக்கொள்கிறார். என் கணிப்பில், இந்த இரட்டைக் கேள்வியைப் பிரித்துக் கேட்டதிலேயே பாதி விடை இருக்கிறது.

அவர் காட்டும் வழி மிக எளியது. மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றைக் கழித்தால் மிச்சம் பன்னிரண்டில் ஒன்று. அதாவது, நான்கில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. அதிலிருந்து அடுத்த உறுப்பான பதினாறில் ஒன்றைக் கழித்தால் மிச்சம் நாற்பத்தெட்டில் ஒன்று. அது பதினாறில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு படியிலும் மிச்சம் எவ்வளவு என்பது துல்லியமாகத் தெரிகிறது. எப்போதும் கடைசியாகச் சேர்த்த உறுப்பில் மூன்றில் ஒன்று. மிச்சம் எப்போதும் இருப்பதால் தொகை தாண்டாது. அந்த மிச்சம் எந்த அளவுக்கும் கீழே இறங்கிவிடுவதால், மூன்றில் ஒன்றுக்கு முன்பாக வேறெங்கும் தொகை நின்றுவிடவும் முடியாது. பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆர்க்கிமிடீஸ் பரவளைவின் பரப்பைக் கண்டபோது பயன்படுத்தியதும் இதே நான்கில் ஒன்றுத் தொடர்தான், இதே மிச்சக் கணக்குதான்.

நீலகண்டரின் வழியை நம் ஒன்பதுகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். 1-ஐ 1-ஆல் வகுக்கிறோம். ஒரேயடியாக 1 என்று ஈவு போடாமல், முதலில் 0 போடுங்கள். மிச்சம் 1, பக்கத்தில் ஒரு பூஜ்யம் சேர்த்தால் 10. இதிலும் பத்து முறை எடுக்காமல் ஒன்பது முறை மட்டும் எடுங்கள். மிச்சம் மறுபடியும் 1. மறுபடி 10, மறுபடி ஒன்பது முறை. ஈவாக வந்துகொண்டிருப்பது 0.999…. வகுத்தல் விதியை மீறியது போலத் தோன்றினாலும் கணக்கில் எங்கும் பிழையில்லை: 1 என்பது 0.9-உம் 0.1-உம், 0.99-உம் 0.01-உம், 0.999-உம் 0.001-உம். ஒவ்வொரு படியிலும் எழுதியதும் மிச்சமும் சேர்ந்து சரியாக 1. மிச்சம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இறங்குகிறது.

மறுப்பவர் இங்கேதான் தம் வலுவான வாதத்தை வைப்பார். 'நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஒவ்வொரு படியிலும் மிச்சம் இருக்கிறது என்று. அப்படியானால் 1-ஐ எட்டவே இல்லையே!' ஆம், எந்தப் படியும் 1-ஐ எட்டவில்லை. 0.9 எட்டவில்லை. கோடி ஒன்பதுகள் கொண்ட எண்ணும் எட்டவில்லை. ஆனால் 0.999… என்பது இந்தப் படிகளில் ஒன்று அல்ல. படிகள் ஒவ்வொன்றுக்கும் கடைசி ஒன்பது உண்டு. இதற்குக் கடைசி இல்லை. ஆகவே எல்லாப் படிகளையும்விட இது பெரியது. படிகளுக்கு உள்ள குறை இதற்கும் இருக்கும் என்று சொல்வதற்கு நியாயமே இல்லை.

எட்டுவது, நெருங்குவது என்ற பேச்சே இங்கே வழிதவறச் செய்கிறது. 0.9, 0.99, 0.999 என்ற வரிசை நெருங்குகிறது என்று சொல்லலாம். ஓர் எண் நெருங்காது. எண் எங்கும் நகர்வதில்லை. எண்கோட்டில் அதற்கு ஓர் இடம் உண்டு, அங்கேயே இருக்கும். 0.999… என்று எழுதும்போது, யாரோ உட்கார்ந்து ஒன்பதுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருப்பதாக நம் மனம் கற்பனை செய்கிறது. அவர் இன்னும் எழுதி முடிக்கவில்லை, அதனால் எண்ணும் முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எழுத்தரை அனுப்பிவிட வேண்டும். அந்த மூன்று புள்ளிகள் வரிசை எந்த இடத்தைக் குறிவைத்துப் போகிறதோ அந்த இடத்தின் பெயர். பாடநூல்கள் 'எல்லை' என்று சொல்வது இதைத்தான்.

அந்த இடம் 1-ஆக மட்டுமே இருக்க முடியும் என்பதற்குக் காரணம் இது. 1-க்கும் 0.999…-க்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருப்பதாகக் கொள்வோம். 0.9-ஐவிட 0.999… பெரியது என்பதால், அந்த வித்தியாசம் பத்தில் ஒன்றைவிடச் சிறியது. 0.99-ஐவிடப் பெரியது என்பதால் நூறில் ஒன்றைவிடவும் சிறியது. ஆயிரம், லட்சம், கோடி என்று எங்கே போனாலும் அதைவிடவும் சிறியது. இப்போது ஆர்க்கிமிடீஸின் பெயரால் அறியப்படும் விதி ஒன்றை நினைவுகொள்ள வேண்டும்: எவ்வளவு சிறிய நீளமானாலும், போதுமான தடவை அடுக்கினால் எந்தப் பெரிய நீளத்தையும் தாண்டிவிடும். நம் வித்தியாசம் பூஜ்யம் இல்லை என்றால், அதை ஏதோ ஓர் எண்ணிக்கையில் அடுக்கினால் 1-ஐத் தாண்ட வேண்டும். லட்சம் தடவை அடுக்கித் தாண்டியது என்றால், அது லட்சத்தில் ஒன்றைவிடப் பெரியது. ஆனால் லட்சத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று முன்பே கண்டோம். லட்சத்துக்குப் பதில் எந்த எண்ணைச் சொன்னாலும் இதே முரண்பாடு. ஆகவே வித்தியாசம் பூஜ்யம். வித்தியாசம் பூஜ்யமான இரண்டு எண்கள் ஒரே எண்.

சிலர் விடாமல் கேட்பார்கள்: வித்தியாசம் 0.000…1 என்று இருக்கக்கூடாதா? முடிவில்லாப் பூஜ்யங்கள், அதற்குப் பிறகு ஒரு ஒன்று? தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பதைப் போல, புள்ளிக்குப் பின்னுள்ள ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் இட எண் உண்டு: முதலிடம், இரண்டாமிடம், நூறாமிடம். அந்த ஒன்றின் கதவு எண் என்ன? நூறு என்றால் அதற்கு முன் தொண்ணூற்றொன்பது பூஜ்யங்கள்தான்; முடிவின்மை போய்விட்டது. எந்த எண்ணும் இல்லை என்றால், அது அந்தத் தெருவிலேயே இல்லை.

வேண்டுமானால் இன்னொரு சோதனையும் செய்யலாம். இரண்டு வெவ்வேறு எண்களுக்கு நடுவே எப்போதும் இன்னோர் எண் இருக்கும். குறைந்தபட்சம் அவற்றின் சராசரியாவது இருக்கும். 0.999…-ஐவிடப் பெரியதும் 1-ஐவிடச் சிறியதுமான ஓர் எண்ணைத் தசமத்தில் எழுதிப் பாருங்கள். 1-ஐவிடச் சிறியது என்பதால் 0 என்று தொடங்க வேண்டும். முதலிடத்தில் ஒன்பதுக்குக் குறைவாகப் போட்டால் 0.999…-ஐத் தாண்ட முடியாது. ஒன்பதே போட வேண்டும். இரண்டாமிடத்திலும் அப்படியே. மூன்றாமிடத்திலும் அப்படியே. நடுவில் இருக்க வேண்டிய எண்ணை எழுதத் தொடங்கி, 0.999…-ஐயே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. எண்கோட்டில் ஓர் இடம் என்றேனே, அந்த எண்கோடு என்பது என்ன? வரிசை குறிவைக்கும் இடத்தில் ஓர் எண் இருந்தே தீரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1858 இலையுதிர்காலத்தில் சூரிச் பாலிடெக்னிக்கில் முதன்முதலாக நுண்கணிதம் கற்பிக்க வேண்டியிருந்த ரிச்சர்ட் டெடிகிண்டை உறுத்தியது இதுதான். வளர்ந்துகொண்டே போகும், ஆனால் ஒரு வரம்பைத் தாண்டாத அளவு ஓர் எல்லையில் போய்ச் சேரும் என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் படம் வரைந்து காட்டுவதைத் தவிர அன்று யாரிடமும் ஆதாரம் இல்லை. கற்பிப்பதற்குப் படம் உதவும், ஆனால் அறிவியலுக்கு அது போதாது என்று அவர் நினைத்தார். அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் விடை கண்டார். 1872-இல்தான் நூலாக வெளியிட்டார். ஜார்ஜ் கேன்டர் வேறொரு வழியில் மெய்யெண்களை அமைத்துக் காட்டியதும் அதே 1872-இல்.

டெடிகிண்டின் கருத்து வியக்கவைக்கும் அளவுக்கு எளியது. ஒரு மெய்யெண்ணை அறிய, எந்தெந்தப் பின்னங்கள் அதற்குக் கீழே, எவையெவை கீழே இல்லை என்று தெரிந்தால் போதும். அந்தப் பிரிவினையே அந்த எண். பிரிவினை ஒன்றாக இருந்தால் எண்ணும் ஒன்றே. 1-க்குக் கீழே உள்ள பின்னம் எதையாவது எடுங்கள்: 2024/2025 என்று வைத்துக்கொள்வோம். 1-க்கு அது 2025-இல் ஒரு பங்கு குறைவு. 0.9999 என்ற படியோ 1-க்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் குறைவு. ஆகவே நம் பின்னத்தை நான்காம் படியிலேயே ஒன்பதுகள் தாண்டிவிட்டன. பகுதியில் எவ்வளவு பெரிய எண் இருந்தாலும், அதைவிடப் பெரிய பத்தின் அடுக்கு ஒன்று இருக்கும்; அந்தப் படியில் பின்னம் பின்தங்கிவிடும். 1-க்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு பின்னமும் 0.999…-க்கும் கீழேதான் இருக்கிறது. பிரிவினை ஒன்று, எண்ணும் ஒன்று. கேள்வி இங்கே முழுமையாகத் தீர்ந்தது.

இனி மறுபக்கம். முடிவில்லாத தொடருக்கும், மிக நீண்டு பிறகு முடிந்துவிடும் தொடருக்கும் உள்ள வேறுபாட்டை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

1585-இல் லெய்டன் நகரில் சைமன் ஸ்டெவின் தசம பின்னங்களை விளக்கி, டச்சு மொழியில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வானியலர், நில அளவையர், மதுப் பீப்பாய் அளப்போர், நாணயச்சாலை நடத்துவோர், வணிகர் ஆகியோருக்கு என்றே எழுதியது. வகுக்கும்போது மூன்றுகள் முடிவின்றி வரக்கூடும் என்பதை அவர் அதிலேயே கண்டு சொல்லியிருக்கிறார். வேலைக்குத் தேவையான அளவு எழுதி, மீதியை விட்டுவிடலாம் என்பது அவருடைய அறிவுரை. பீப்பாய்க்கும் நாணயத்துக்கும் அது போதும். நம் கணினிகளும் அதையேதான் செய்கின்றன.

கணினி எண்ணுவது இரண்டின் அடிமானத்தில். பத்தில் ஒன்று என்பது நமக்கு 0.1, ஒரே இலக்கத்தில் முடிகிறது. பத்தின் காரணியான ஐந்து இரண்டின் அடிமானத்தில் இல்லாததால், கணினிக்கு அது 0.000110011001100… என்று முடிவின்றிச் சுழலும். 1991 வளைகுடாப் போரில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிகளாக எண்ணியது. அந்தப் பத்தில் ஒன்றை 24 இரும இலக்கங்களுக்குள் வெட்டி வைத்திருந்தார்கள். வெட்டியதால் வந்த பிழை சுமார் 0.000000095. கருவி நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியது. நூறு மணி நேரத்தில் பத்தில் ஒரு வினாடிகள் 36 லட்சம். பிழை சேர்ந்து சேர்ந்து ஏறக்குறைய 0.34 வினாடி ஆகிவிட்டது. ஸ்கட் ஏவுகணை வினாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பாயும், 0.34 வினாடிக்குள் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் போய்விடும். பிப்ரவரி 25-ஆம் நாள் வந்த ஸ்கட்டைக் கருவி தவறான இடத்தில் தேடியது. தடுப்பு ஏவுகணை கிளம்பவே இல்லை. படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் அது விழுந்து 28 பேர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 1992-இல் வெளியிட்ட அறிக்கை இந்தக் கணக்கை விரிவாகத் தருகிறது.

முடிவில்லாமல் போகும் அந்த விரிவு பத்தில் ஒன்றுக்குச் சரியாகச் சமம். 24 இலக்கத்தில் வெட்டியது சமம் இல்லை. 0.999…-உம் 1-உம் சமம் என்று கணிதம் சொல்லும்போது அலட்சியமாகத் தோராயம் பேசுகிறது என்று நினைப்பவர்கள், இந்த வேறுபாட்டைத்தான் கவனிக்க வேண்டும். கோடி ஒன்பதுகளுக்கும் 1-க்கும் உள்ள இடைவெளியைக் கணிதம் ஒருபோதும் பூஜ்யம் என்று சொன்னதில்லை. இவ்வளவு என்று அளந்தே சொல்லும்.

சந்தேகிப்பவர்களுக்கு ஆதரவான ஒரு சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்தப் பின்னத்தைவிடவும் சிறியதாகவும், ஆனால் பூஜ்யம் அல்லாததாகவும் ஓர் அளவு இருக்கக்கூடாதா என்ற எண்ணம் முட்டாள்தனமானது அல்ல. லைப்னிட்ஸ் அத்தகைய நுண்ணளவுகளை வைத்துத்தான் நுண்கணிதத்தை வளர்த்தார். ஆப்ரகாம் ராபின்சன் 1960-களில் அவற்றுக்கு உறுதியான தர்க்க அடித்தளம் அமைத்துக் கொடுத்தார். அவருடைய விரிந்த எண் உலகில் ஆர்க்கிமிடீஸ் விதி பழைய பொருளில் செல்லாது, நுண்ணளவுகள் உண்டு. அங்கே, முடிவிலியான ஓர் இடம் வரை ஒன்பதுகளை எழுதி அங்கே நிறுத்தினால், 1-க்கு நுண்ணளவே குறைவான ஓர் எண் கிடைக்கும். சந்தேகிப்பவர் மனத்தில் கண்ட எண் அதுவாக இருக்கலாம். ஆனால் அது நிறுத்தப்பட்ட எண். அதற்குக் கடைசி ஒன்பது உண்டு. எங்கும் நிறுத்தாமல் எல்லா இடங்களையும் நிரப்பிய ஒன்பதுகளுக்கு ராபின்சனின் உலகிலும் மதிப்பு 1-தான்.

ஓர் எண்ணுக்கு இரண்டு எழுத்துகள் இருப்பது கணிதர்களுக்குச் சில வேளைகளில் தொந்தரவும் தரும். 1891-இல் கேன்டர் முன்வைத்த மூலைவிட்ட முறையில், மெய்யெண்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டுவிட்டதாகக் கொண்டு, பட்டியலில் இல்லாத ஒரு புதிய எண்ணை இலக்கம் இலக்கமாகக் கட்டுவோம். முதல் எண்ணோடு முதலிடத்தில் மாறுபட வேண்டும், இரண்டாம் எண்ணோடு இரண்டாமிடத்தில் மாறுபட வேண்டும் என்று போகும். கவனம் இல்லாமல் கட்டினால், புதிய எண் 0.4999… என்று வந்து, பட்டியலில் ஏற்கெனவே உள்ள 0.5-இன் மறுவடிவமாகவே இருந்துவிடலாம். இலக்கம் எல்லாம் வேறு, எண் ஒன்றே. அதனால் புதிய எண்ணில் 0-ஐயும் 9-ஐயும் தொடாமல், 4, 5 போன்ற இலக்கங்களை மட்டும் வைத்துக் கட்டுவது வழக்கம்.

எந்தெந்த எண்களுக்கு இப்படி இரட்டை வடிவம் உண்டு என்பதையும் சொல்லிவிட்டால் இந்த அத்தியாயத்தின் வேலை முடிந்தது. 7 என்பது 6.999…, 0.25 என்பது 0.24999…; 18.5 என்பது 18.4999…. முடிவுறு தசமமாக எழுதக்கூடிய எண்ணின் கடைசி இலக்கத்தில் ஒன்றைக் குறைத்து, பின்னால் ஒன்பதுகளை நிரப்பினால் அதன் மறுவடிவம் வந்துவிடும். மூன்றில் ஒன்று, ஏழில் ஒன்று, 2-இன் வர்க்கமூலம் போன்ற முடிவுறா எண்களுக்கு ஒரே வடிவம்தான். முடிவுறு தசமங்களில் ஒன்றே ஒன்று மட்டும் இந்த விதிக்கு விலக்கு. குறைப்பதற்கு அதில் இலக்கம் ஏதும் இல்லை. ஒன்பது எந்த இடத்தில் வந்தாலும் அதன் மதிப்பு மாறிவிடும். அந்த எண் பூஜ்யம்.